பிள்ளைத்தாச்சிக்குப் பீட்ஸா ஆகுமா?

திருகோணமலைக்கு இத்தாலியச் சாப்பாடு கடற்கரை வழியாக வந்தது. 2009இல் போர் முடிந்த பிறகு, நகரத்துக்கு வடக்கே உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகள் பெருகின. வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று சமைக்கத் தொடங்கிய பீட்ஸாவும் பாஸ்தாவும் கொத்துரொட்டிக்குப் பக்கத்தில் இடம்பிடித்தன. இன்று அந்த மேசைகளில் உள்ளூர்க் குடும்பங்களும் உட்காருகின்றன. வந்தவர்களில் ஒருத்தி பிள்ளைத்தாச்சி என்றால், ஓடர் கொடுக்குமுன் ஒரு விசாரணை நடக்கும்: சீஸ் சூடா குளிர்ச்சியா, கோதுமை மா செமிக்குமா, கத்தரிக்காய் போட்டிருக்கிறார்களா? இவற்றைவிட முதலில் கேட்கவேண்டியது வேறொன்று. தட்டில் வரும் சாப்பாடு அடுப்பைக் கண்டதா, கண்டு எவ்வளவு நேரமாகிறது என்பதே அது.

மாவைப் பற்றிய பயம் அநாவசியம். சீனன்குடாவில் பிரிமா மாவாலை 1980 முதல் இயங்கிவருகிறது. ஒரே வளாகத்தில் அமைந்த உலகின் பெரிய மாவாலைகளில் அதுவும் ஒன்று. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் கோதுமை அங்கேயே மாவாகி, நாடு முழுவதும் பாணாகவும் ரொட்டியாகவும் போகிறது. பீட்ஸாவின் அடித்தட்டும் காலையில் சாப்பிடும் பாணும் உறவுக்காரர்கள்தான். விறகு எரியும் பீட்ஸா அடுப்பு 400 பாகை செல்சியசைத் தாண்டும். சாதாரண காஸ் அடுப்பும் 250 பாகை அளவுக்குச் சூடாகும். அந்தச் சூட்டில் சீஸ் உருகிக் கொதித்து வரும் பீட்ஸாவிலோ, அடுக்கடுக்காக வேகவைத்த லசானியாவிலோ கர்ப்பிணி அஞ்சவேண்டிய கிருமி மிஞ்சுவதில்லை.

அந்தக் கிருமிகளில் முக்கியமானது லிஸ்தீரியா. மற்றக் கிருமிகளில் பெரும்பாலானவை குளிரில் முடங்கிவிடும். இது பிரிட்ஜுக்குள்ளேயும் மெல்ல மெல்லப் பெருகும். கர்ப்பிணிகளுக்கு இது தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு. தாய்க்கு இலேசான காய்ச்சலும் உடல் உளைவுமாகக் கழிந்துபோகலாம். ஆனால் நஞ்சுக்கொடியைக் கடந்தால் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் வரை கொண்டுபோய்விடும். சாப்பிட்டு இரண்டு மாதத்துக்குப் பிறகுகூட நோய் தலைகாட்டக்கூடும் என்பதால் எந்தச் சாப்பாடு காரணம் என்று கண்டுபிடிப்பதும் கடினம். நன்றாகச் சூடாக்கினால் செத்துப்போகும் என்பது ஒன்றே ஆறுதல்.

சீஸ் விஷயத்தில் இத்தாலியச் சமையலறைக்குக் கெட்ட பெயர் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. மொசரெல்லா, ரிகோட்டா, மஸ்கார்போனே ஆகியவை பாஸ்டரைஸ் செய்த பாலில் செய்தவையென்றால் தடையில்லை. பார்மிஜானோ ரெஜ்ஜானோ காய்ச்சாத பாலில் செய்யப்படுவது. ஆனாலும் குறைந்தது 12 மாதம் முதிரவைத்து, ஈரம் வற்றி, இறுகிப்போவதால் அதில் கிருமி பிழைப்பது அரிது. பிரித்தானிய சுகாதார சேவையும் கர்ப்பிணிகளுக்கு அதை அனுமதிக்கிறது. தவிர்க்கவேண்டியது கொர்கொன்சோலா போன்ற நீலப்பூஞ்சை பிடித்த மென்மையான சீஸ். அதுவும் சூட்டில் முழுதாகக் கொதித்து வந்தால் பாதகமில்லை. தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இத்தாலியின் எருமைப்பால் மொசரெல்லா அந்நியமாகப் படாது. ஒரு வேறுபாடு உண்டு: தயிருக்கு இங்கே பாலைக் காய்ச்சியே உறைய வைக்கிறார்கள். இறக்குமதிச் சீஸுக்கு உறையில் எழுதியிருப்பதே சாட்சி.

உறையில் எழுதாத இன்னொன்று, அந்தச் சீஸ் எத்தனை நாள் எந்தக் குளிரில் இருந்தது என்பது. கிழக்குக் கரையில் சுற்றுலா மே முதல் செப்டெம்பர் வரைதான் சூடுபிடிக்கும். வாடைக்காற்றோடு மழை தொடங்கியதும் மேசைகள் காலியாகிவிடும். திறந்த பொதி பிரிட்ஜில் நாட்கணக்கில் கிடக்கும். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நடந்தபோது எத்தனை சமையலறைகளில் என்னென்ன உருகி மறுபடி உறைந்திருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்கும். ஆள் நடமாட்டமுள்ள காலத்தில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சாப்பிடுவது அலங்காரத்தைப் பார்த்து இடம் தேர்வதைவிடப் பாதுகாப்பானது.

முட்டை அடுத்தது. திராமிசு என்ற இனிப்பு பார்ப்பதற்கு அப்பாவி. முறைப்படி செய்தால் அதில் பச்சை முட்டை, கோப்பி, சில இடங்களில் மார்சாலா வைனும் இருக்கும்; அடுப்பில் ஏறுவதே இல்லை. கார்பொனாரா பாஸ்தாவில் முட்டையை வடித்த பாஸ்தாவின் சூட்டிலேயே கிளறி எடுப்பார்கள், அது அரைவேக்காடு. 2017இல் பிரித்தானிய உணவுத் தரநிர்ணய முகவரகம், சிங்க முத்திரை பதித்த பிரித்தானிய முட்டைகளைக் கர்ப்பிணிகள் அரைவேக்காடாகச் சாப்பிடலாம் என்று ஆலோசனையை மாற்றியது. லண்டனிலிருந்து வரும் உறவினர் அந்தத் துணிச்சலோடு பேசுவார். அது அந்த முத்திரைக்குரிய துணிச்சல். உப்புவெளி முட்டைக்கு ஒத்துவராது.

மீனில்தான் திருகோணமலையின் சொந்தக் கதை இருக்கிறது. கடலில் பெரிய மீன் சின்ன மீனைத் தின்னத் தின்னப் பாதரசம் அதன் உடலில் சேர்ந்துகொண்டே போகும். அது சிசுவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதனால் சுறா, வாள்மீன், தளப்பத்து வகை மீன்களைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது என்பது பிரித்தானிய, அமெரிக்க ஆலோசனை. சூரை இன மீனென்றால் வாரத்துக்கு இரண்டு துண்டங்கள், சமைத்த அளவில் ஒன்று 140 கிராம், என்பது பிரித்தானிய வரம்பு. பால் சுரக்கட்டும் என்று பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை செய்துகொடுப்பது நம் வழக்கம். சின்னச் சுறாவில் பாதரசம் பெரியதைவிடக் குறைவுதான். ஆனாலும் பாலூட்டும் தாய்க்கு வாரத்தில் ஒருமுறை என்று நிறுத்திக்கொள்வது நல்லது. பீட்ஸாவைக் கண்டு முகம் சுளிக்கும் வீட்டில் சுறாவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. உண்மையில் இத்தாலியர் பீட்ஸாமேல் போடும் அஞ்சோவி நம் நெத்தலியின் இனம். பாதரசம் மிகக் குறைந்த மீன்களில் ஒன்று, உப்புத்தான் கூட. நெத்தலியும் சாளையும் சூடையும் மலிவு மட்டுமல்ல, கர்ப்பிணிக்கு அவையே சிறந்தவை. கணவாய், இறால் நன்றாக வெந்தால் சரி. மட்டி வாய் திறக்காமல் தட்டுக்கு வந்தால் ஒதுக்கிவிட வேண்டும்.

மீனையோ மாட்டிறைச்சியையோ பச்சையாகச் சீவிப் பரிமாறும் கார்பாச்சோ கர்ப்ப காலத்தில் வேண்டாம். 1950இல் வெனிஸ் நகரின் ஹாரிஸ் பாரில், சமைத்த இறைச்சியை வைத்தியர் தடுத்த ஒரு சீமாட்டிக்காக அது பிறந்தது என்று சொல்வார்கள். வைத்தியர் சொல்லித் தொடங்கியதை இப்போது வைத்தியர் சொல்லித் தவிர்க்கவேண்டியிருக்கிறது. உப்பிட்டு உலர்த்திய புரோஷூத்தோ, சலாமி போன்றவற்றில் டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். இத்தாலியிலேயே, அந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தியில்லாத கர்ப்பிணிகள் அவற்றை விட்டுவிடுகிறார்கள். இங்கே பீட்ஸாவில் வழக்கமாக வருவது கோழிச் சொசேஜ். அடுப்பில் போய் வந்தால் போதும். சலாட் கழுவிய தண்ணீரும் ஐஸ் கட்டியும் எங்கிருந்து வந்தவை என்று கேட்கலாம். எஸ்பிரெசோ ஒன்றில் சுமார் 60 மில்லிகிராம் கஃபீன். ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் நிற்கவேண்டும், வீட்டில் குடித்த தேநீரும் கணக்கில் சேரும். வைன் வேண்டாம். கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைச் சீஸோடும் கோப்பியோடும் விழுங்கினால் பாதி வீண். இரண்டு மணி நேர இடைவெளி தேவை.

கர்ப்ப காலச் சர்க்கரை நோய் தெற்காசியப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. அவர்கள் பாஸ்தாவை விட்டுவிடவேண்டியதில்லை. நடுவில் சற்றுக் கடிபடும் பதத்தில் வேகவைத்த பாஸ்தா, வெள்ளைச் சோற்றைவிட மெதுவாகவே சர்க்கரையை ஏற்றும். அளவுதான் பிரச்சினை: ஒரு தட்டை இருவர் பகிர்ந்து, மீனோ கோழியோ சேர்த்துக்கொள்ளலாம். தக்காளிச் சோஸ் கடைசி மாதங்களில் நெஞ்செரிச்சலைக் கூட்டும்.

கத்தரிக்காயின் கதை தனி. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஸ்கலீனிஸ் என்ற இத்தாலிய உணவகத்தில், கத்தரிக்காய்ப் பார்மிஜானா சாப்பிட்டால் இரண்டு நாளுக்குள் பிரசவமாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவி, நாள் தள்ளிப்போன கர்ப்பிணிகள் அங்கே படையெடுத்தார்கள். பிறந்த குழந்தைகளின் படங்கள் சுவரை நிறைத்தன. அதற்கு விஞ்ஞான ஆதாரம் கிடையாது. ஒன்பது மாதம் நிறைந்தவள் எதைச் சாப்பிட்டாலும் இரண்டு நாளில் பிள்ளை பிறக்க நல்ல வாய்ப்புண்டு. நம்மவர்களுக்கோ கத்தரிக்காய் கிரந்தி, பிள்ளை பெற்றவளுக்கு ஆகவே ஆகாது. அதே காய் அங்கே பிள்ளையை வெளியே அழைக்கிறது, இங்கே பத்தியத்தில் தள்ளுபடியாகிறது.

பிரசவத்துக்குப் பிறகு முதல் மாதம் வெளியே சாப்பிடும் பேச்சே இருக்காது. இந்துக் குடும்பங்களில் 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை, முஸ்லிம் குடும்பங்களில் 40 நாள்வரை தாயும் பிள்ளையும் வீட்டோடு. மிளகு, மஞ்சள், சீரகம், வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் சேர்த்துச் சரக்கு அரைத்த கறிதான் சாப்பாடு. இத்தாலியரும் இதில் விதிவிலக்கல்லர். புளோரன்ஸ் நகரில் பிள்ளை பெற்றவளுக்குக் கோழிச் சூப்பும் இனிப்பும் கொண்டுபோக ஓவியம் தீட்டிய தட்டங்கள் வைத்திருந்தார்கள். 1449இல் லொரென்சோ தெ மெடிச்சி பிறந்தபோது செய்த தட்டம் இப்போது நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உள்ளி இரு சமையலுக்கும் பொது. தாய் உள்ளி சாப்பிட்டால் தாய்ப்பாலின் வாசம் மாறுகிறது, அந்த வாசத்தோடு குழந்தை அதிக நேரம் மார்பில் நின்று குடிக்கிறது என்று 1991இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே உள்ளி போட்ட பாஸ்தா பாலூட்டும் தாய்க்குத் தடையல்ல. பச்சை முட்டை, மென்சீஸ் பற்றிய கட்டுப்பாடுகளும் பிரசவத்தோடு தளர்ந்துவிடும்.

கைக்குழந்தையோடு போகும்போது காற்றடிக்காத மூலை மேசையைக் கேட்டு வாங்கினால் பாலூட்டவும் வசதி, மணலும் பறக்காது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். அப்பாவின் விரலில் தொட்ட சோஸும் வேண்டாம். 6 மாதத்துக்குப் பிறகு நன்றாகக் குழைய வேகவைத்த பாஸ்தாவை மசித்துக் கொடுக்கலாம். இத்தாலியத் தாய்மார் பஸ்தீனா என்ற பொடிப் பாஸ்தாவைச் சூப்பில் குழைத்து ஊட்டுவது நம் குழைசோறுபோலத்தான். குழந்தையின் பங்கை உப்புப் போடாமல் தனியாக எடுத்துத்தரச் சொல்லலாம். ஒலிவ், முழுத் திராட்சை, சிறு தக்காளி ஆகியவை தொண்டையில் சிக்கும். ஒரு வயதாகும்வரை தேன் கூடாது.

கடற்கரை மேசைக்கு இன்னொரு எதிரி நுளம்பு. 2017இல் டெங்கு கிண்ணியாவைக் கடுமையாகத் தாக்கியது. டெங்கு பரப்பும் நுளம்பு காலையிலும் பொழுது சாயுமுன்னும் அதிகம் கடிக்கும். வெயில் தாழ்ந்ததும் வெளியே போய் உட்காரும் நேரமும் அதுவே. கர்ப்பிணிக்கு டெங்கு இரட்டை ஆபத்து. கைகால் மூடிய உடையும், தாய்க்கு நுளம்பு விரட்டியும், குழந்தைக்கு வலையும் வேண்டும். அதற்குப் பின் எப்போது காய்ச்சல் கண்டாலும், டெங்கானாலும் லிஸ்தீரியாவானாலும், கர்ப்பிணி வீட்டில் பனடோல் போட்டுக்கொண்டு பார்த்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். என்ன சாப்பிட்டாள், எப்போது சாப்பிட்டாள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். உணவகத்தின் சுத்தம் பற்றிய முறைப்பாட்டை அந்தப் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுக்கலாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ் சமையலறையைப் பரிசோதிக்க அவருக்கு அதிகாரம் உண்டு.