சொத்தை இல்லை என்று இருந்துவிடாதீர்கள்!

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்குப் பல் முளைப்பதே தாமதம்தான். முதல் பல் எட்டிப் பார்க்க 1 வயது தாண்டிவிடும். சிலருக்கு 2 வயதுகூட ஆகும். இதற்காகப் பெற்றவள் கலங்க வேண்டாம். கவனிக்க வேண்டியது ஈறை.

இந்தக் குழந்தைகளுக்குச் சொத்தைப் பல் பொதுவாகக் குறைவு. அதனாலேயே வீட்டில் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு 22 வயதில் முன்பல் இரண்டு ஆடி விழுந்துவிட்டன. "சொத்தையே இல்லாத பல் எப்படிக்கா விழும்?" என்று அவள் அம்மா என்னிடம் கேட்டாள்.

விழும். நமக்கெல்லாம் 46 குரோமோசோம். இவர்களுக்கு 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாகி 47. அதனால் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் சுறுசுறுப்பாக வேலை செய்வதில்லை. கொஞ்சம் அழுக்குப் படிந்தாலும் ஈறு வீங்கி, உள்ளே எலும்பு கரைகிறது. பல்லின் வேரும் குட்டை. போதாததற்கு வாயால் மூச்சு விடுவதில் வாய் வேறு உலர்ந்துபோகும். 'அம்மா சரியாகத் தேய்த்துவிடவில்லை' என்று பழி சொல்லும் பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்!

தேய்க்கும்போது ரத்தம் கசிந்தால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடாதீர்கள். ஈறு வீங்கியிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மெதுவாகத் தேய்த்துவிட்டு, பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

குழந்தையை மணையில் உட்காரவைத்து, நீங்கள் பின்னால் உட்கார்ந்து, தலையை உங்கள் மார்பில் சாய்த்துக்கொள்ளுங்கள். இடது கையால் உதட்டை விலக்கி, பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து மெல்லத் தேய்க்க வேண்டும். பிரஷ் சின்னதாக, மெத்தென்று இருக்கட்டும். ஃபுளோரைடு பேஸ்ட் 3 வயது வரை ஓர் அரிசி அளவு, அப்புறம் பட்டாணி அளவு போதும். உமிக்கரி, செங்கல்பொடி வேண்டவே வேண்டாம். கொஞ்சம் வளர்ந்ததும் பிரஷ்ஷின் பிடியில் துணியைத் தடிமனாகச் சுற்றிக் கொடுத்தால் தானே பிடித்துத் தேய்க்கும். ஆனாலும் இரவில் ஒரு தரம் நீங்கள் தேய்த்துவிடுங்கள், மீசை முளைத்த பிள்ளையானாலும் சரி.

முதல் பிறந்தநாளுக்குள் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும் என்று அவரே சொல்லுவார். இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு உண்டு. ஈறில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்து இருதயத்தைத் தாக்கலாம். அதனால் சிலருக்குப் பல் பிடுங்கும் முன்பே மருந்து கொடுப்பார்கள். பழைய இருதய ரிப்போர்ட்டை மறக்காமல் கையில் எடுத்துப்போங்கள். கழுத்தெலும்பு தளர்வாக இருக்கக்கூடும்; நாற்காலியில் சாய்க்கும்போது கழுத்தை ரொம்பப் பின்னுக்கு வளைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.