மருந்து ஒருவருக்கு, நோய் இருவருக்கு

எமது மாதர் சேமிப்புக் குழுக்களின் சுழல்நிதியிலிருந்து கடன் கேட்டு வரும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. வலை வாங்க, ஆடு வாங்க, நீர் இறைக்கும் இயந்திரத்தைத் திருத்த, பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு என்று எழுதியிருப்பார்கள். மன்னார்க் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த விண்ணப்பத்தில் மட்டும் கடனின் நோக்கம் என்ற இடத்தில் "பால்மா" என்ற ஒரே சொல் இருந்தது. விண்ணப்பித்தவர் மூன்று மாதக் கைக்குழந்தையின் தாய். கணவர் கடற்றொழிலாளி. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் எம் மக்கள் பால்மாவுக்காக வரிசையில் நின்றதைக் கண்டவர்கள் நாம். அன்றாடம் உழைத்து உண்ணும் குடும்பத்துக்கு அது எத்தகைய சுமை என்பது எமக்குத் தெரியும். எனவே இரக்கப்பட்டுக் கையொப்பமிடவே எண்ணினோம்.

எம்மைத் தடுத்தவர் எம்முடன் பணிபுரியும் அருட்சகோதரி. தாதியாகப் பயிற்சி பெற்றவர். "பிள்ளைக்கு மூன்று மாதம்தானே பாதர்? தாய்ப்பாலுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எமக்குத் தோன்றவேயில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மறுநாள் அருட்சகோதரி அந்த வீட்டுக்குப் போனார். பால் வற்றவில்லை. தாய் நோயாளியுமல்ல. "பிள்ளை வாய் வைச்சவுடன நெருப்புத் தணல் வைச்ச மாதிரி எரியுது சிஸ்டர். குடிச்சு முடிஞ்ச பிறகும் ஒரு மணித்தியாலத்துக்கு எரிவு நிக்காது" என்று அந்தத் தாய் அழுதிருக்கிறார். பிள்ளையின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டினாற்போல் வெண்படலம். எம்மவர் அக்கரம் என்று அழைக்கும் நோய்தான். இரண்டு மாதத்தில் அது மூன்றாம் முறை. ஒவ்வொரு முறையும் கிளினிக்கில் துளிமருந்து கொடுத்தார்கள், ஒவ்வொரு முறையும் மாறியது, ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. மாமியார் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: "தாய்ப்பால் பழுது. அதுதான் பிள்ளையின்ர வாயைப் புண்ணாக்குது." அந்த முடிவின் விளைவே எமது மேசைக்கு வந்த விண்ணப்பம்.

பால் பழுதாகவில்லை. சிகிச்சைதான் அரைகுறையாக நடந்திருந்தது. குருவானவர்கள் பேசத் தயங்கும் விடயம் இது என்று சிலர் நினைக்கலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு வழங்கியபோது, பிள்ளை பசித்து அழுதால் அங்கேயே பாலூட்டலாம் என்று தாய்மாரிடம் கூறினார். அதற்குப் பிறகு நாம் தயங்குவதில் பொருளில்லை.

எங்கிருந்து வருகிறது?

அக்கரத்தை உண்டாக்குவது கன்டிடா என்னும் ஒருவகைப் பூஞ்சணம். அது எங்கோ வெளியிலிருந்து வரும் விருந்தாளியல்ல. எம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் தோலிலும் பெண்களின் பிறப்புவழியிலும் தீங்கின்றி வாழ்ந்துகொண்டிருக்கிறது. அங்கே கூடவே வாழும் நல்ல பற்றீரியாக்கள் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும். அந்தக் கட்டுக் குலைந்தால் அது பெருகும். தோட்டக்காரருக்கு இது புதிய பாடமல்ல. பூச்சிகொல்லி அளவுக்கு மீறி அடித்த வயலில் நன்மை செய்யும் பூச்சிகள் மடிய, வேறொரு பீடை தலையெடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

தாய்க்கோ பிள்ளைக்கோ அன்ரிபயோட்டிக் மருந்து கொடுக்கப்படும்போது இதுவே நிகழ்கிறது. மேற்படி தாய்க்குச் சத்திரசிகிச்சை மூலமே பிள்ளை கிடைத்தது. காயத்தில் கிருமி தொற்றியதால் பிரசவத்தின் பின் அத்தகைய மருந்து கொடுத்திருந்தார்கள். மருந்து தேவையானதுதான். அதன் பின்விளைவாக அக்கரம் வரக்கூடும் என்பதை மட்டும் அவருக்கு எவரும் சொல்லவில்லை. வெடித்த முலைக்காம்பு, எந்நேரமும் ஈரமாக இருக்கும் உள்ளாடை, தாயின் நீரிழிவு ஆகியனவும் இந்தப் பூஞ்சணத்துக்கு வாய்ப்பானவை. பிறப்புவழியில் வெள்ளைப்படுதலும் அரிப்பும் உள்ள தாயிடமிருந்து பிறக்கும்போதே அது பிள்ளையின் வாய்க்குப் போய்விடுவதும் உண்டு.

பிள்ளையின் நாக்கு வெள்ளையாக இருந்தாலே அக்கரம் என்று எண்ண வேண்டியதில்லை. சுத்தமான துணியை ஈரமாக்கி விரலில் சுற்றி மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். பாலாடையானால் வந்துவிடும். அக்கரம் இலகுவில் வராது. வந்தாலும் அடியில் சிவந்த புண் தெரியும். அதைச் சுரண்டக் கூடாது. பிள்ளையின் இடுப்புப் பகுதியில் கடுஞ் சிவப்பும், அதைச் சுற்றிச் சிறுசிறு சிவப்புப் புள்ளிகளும் தோன்றினால் பூஞ்சணம் அங்கும் பரவியிருக்கலாம்.

ஏன் திரும்பி வருகிறது?

பிள்ளையின் வாயும் தாயின் மார்பும் நாளொன்றுக்கு எட்டு, பத்துத் தடவைகள் சந்திக்கின்றன. பிள்ளையின் வாய்க்கு மட்டும் மருந்து போட்டால் வாய் சுத்தமாகும். அடுத்த தடவை பால் குடிக்கும்போது தாயின் காம்பிலிருந்து பூஞ்சணம் மீண்டும் வாய்க்குப் போகும். தாய்க்கு மட்டும் மருந்து பூசினால் இதுவே மறுபக்கமாக நடக்கும். நோய் இருவருக்கு, மருந்து ஒருவருக்கு என்றால் அது ஊஞ்சல்போல் போய்வந்துகொண்டேயிருக்கும். இருவரில் ஒருவரிடம் எந்த அறிகுறியும் தெரியாமலிருக்கலாம். அப்போதும் இருவருக்கும் ஒரே நாளில் சிகிச்சை தொடங்கவேண்டும். அந்தத் தாய் மூன்று தடவையும் பிள்ளையைத்தான் காட்டினார். தன் எரிவைச் சொல்லவில்லை. கிளினிக்கில் ஆட்கள் நிறைந்த இடத்தில், மார்புக்காம்பு எரிகிறது என்று எப்படிச் சொல்வது என்று கூசியிருக்கிறார். கேட்கவேண்டியவர்களும் கேட்கவில்லை.

இரண்டாவது காரணம் மருந்தைப் பாதியில் நிறுத்துவது. நிஸ்டட்டின் துளிமருந்து போட்டு மூன்றாம் நாளில் வெண்படலம் மறைந்துவிடும். போத்தலை மூடிவைத்து, மிச்சத்தை "அடுத்த முறைக்கு" என்று சேமித்தார்கள் அந்த வீட்டில். சிக்கனமான குடும்பம், குற்றஞ்சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணம் போன பின்பும் தெரியாதது இருக்கும். வைத்தியர் குறித்த நாட்கள் முடியும்வரை, குறைந்தது அடையாளங்கள் மறைந்து இரண்டு நாட்கள் கழியும்வரையாவது, மருந்து தொடரவேண்டும்.

நிஸ்டட்டின் மருந்தின் கதையைச் சொல்லாமல் விட முடியவில்லை. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுண் என்ற இரு அமெரிக்கப் பெண்கள் அதைக் கண்டுபிடித்து 1950இல் அறிவித்தார்கள். ஒருவர் நியூயோர்க் நகரத்திலும் மற்றவர் அல்பனியிலும் இருந்தார்கள். மாதிரிகளைத் தபாலில் அனுப்பியே ஆய்வு செய்தார்கள். மருந்தைச் சுரக்கும் நுண்ணுயிர் கிடைத்தது ஒரு பால்பண்ணையின் மண்ணில். நியூயோர்க் மாநிலத்தின் பெயரிலிருந்தே மருந்துக்குப் பெயர் வந்தது. காப்புரிமையால் வந்த பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே கொடுத்தார்கள்.

மருந்து போடும் முறையிலும் கவனம் தேவை. பலர் பாலூட்டுவதற்கு முன் துளியை விடுகிறார்கள்; பால் அதைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. போத்தலை நன்றாகக் குலுக்கி, பாலூட்டிய பின்பே போடவேண்டும். வழமையான அளவு ஒரு மில்லிலீற்றர், நாளுக்கு நான்கு தடவைகள். ஆயினும் வைத்தியர் எழுதியதே உங்கள் பிள்ளைக்குரிய அளவு. அதில் பாதியை ஒரு கன்னத்திலும் பாதியை மறு கன்னத்திலும் விட்டு, கழுவிய விரலால் நாக்கிலும் முரசிலும் தடவிவிட வேண்டும். தாய்க்கு நிஸ்டட்டின் அல்லது மைக்கோனசோல் களிம்பு தருவார்கள். பாலூட்டிய பின் மெல்லியதாகப் பூசி, அடுத்த முறைக்கு முன் மேலே மிஞ்சியதைத் துடைத்தால் போதும். மைக்கோனசோல் வாய்க்களியைச் சிறு குழந்தைக்குத் தாமாக வாங்கிப் போடவேண்டாம். அது தடிப்பானது, நான்கு மாதத்துக்குட்பட்ட பிள்ளையின் தொண்டையில் அடைக்கக்கூடும். இவற்றுக்கும் மாறாவிட்டால் தாய்க்குப் புளுக்கொனசோல் குளிசை கொடுப்பதா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

எமது பாட்டிமார் காலத்தில் ஊதா நிறமான ஜென்சியன் வயலட் பூசுவார்கள். ஐதாக்கிய மருந்தை, சொன்ன நாட்களுக்கு மட்டும் பாவிக்கும்படி சுகாதார நிலையங்களும் கொடுத்ததுண்டு. ஆனால் அதனால் புற்றுநோய் ஆபத்து இருக்கக்கூடும் என்று கனடாவின் சுகாதாரத் துறை 2019இல் எச்சரித்துள்ளது. பழைய போத்தல் வீட்டில் கிடந்தால் எறிந்துவிடுவது நல்லது.

தேனும் வெங்காரமும் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொரித்த வெங்காரத்தைத் தேனில் குழைத்து அக்கரத்துக்குத் தடவுவது எம்மிடையே நீண்டகாலக் கைமருந்து. கைமருந்துகளை நாம் இகழ்பவர்களல்லர். இப்பக்கங்களில் பலவற்றைப் பாராட்டி எழுதியிருக்கிறோம். இது மட்டும் ஆகாது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேன் கொடுத்தால், அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் குடலில் வளர்ந்து உடலைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். வெங்காரமோ சிறிது சிறிதாக உடலில் சேர்ந்து வலிப்பை ஏற்படுத்தும். சூப்பியில் தேனும் வெங்காரமும் தடவிக் கொடுக்கப்பட்ட ஏழு குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை 1983இல் பிரித்தானியக் குழந்தை மருத்துவ ஏடொன்று பதிவுசெய்தது. வெள்ளைக்காரப் பாட்டிமாரும் எம் பாட்டிமாரும் ஒரே மருந்தைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

அந்த வீட்டில் சூப்பியும் இருந்தது. பிள்ளையின் வாயிலிருந்து விழும், சேலைத் தலைப்பால் துடைக்கப்படும், மீண்டும் வாய்க்குப் போகும். அருட்சகோதரி அதை விட்டுவிடச் சொன்னார். விட முடியாதவர்கள் நாள்தோறும் நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும். தாயின் உள்ளாடை, மார்பில் வைக்கும் துணி, பிள்ளையின் நப்பி எல்லாவற்றையும் சுடுநீரில் தோய்த்து நல்ல வெயிலில் காயவிட வேண்டும். நீருக்கு அலையும் கிராமத்தில் இதைச் சொல்வது இலகு, செய்வது கடினம். ஆனாலும் வெயிலுக்கு மன்னாரில் குறைவில்லை. பாலூட்டுமுன்னும், நப்பி மாற்றிய பின்னும் கை கழுவுவது எல்லாவற்றிலும் முக்கியம். தாய்க்கு வெள்ளைப்படுதல் இருந்தால் அதற்கும் சேர்த்து மருந்தெடுக்க வேண்டும். கணவருக்கும் அரிப்பிருந்தால் அவரும் வைத்தியரைக் காணவேண்டும். இவ்வளவும் செய்தும் திரும்பி வந்தால் தாயின் இரத்தத்தில் சீனியின் அளவைச் சோதிப்பது அவசியம். அக்கரத்தால் பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும், காய்ச்சல் கண்டாலும், நிறை கூடாதிருந்தாலும் காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மார்பில் ஏற்படும் எல்லா வலியும் பூஞ்சணத்தால் வருவதல்ல. தேவைக்கு மேல் அப்படிச் சொல்லப்படுகிறது என்று இன்று வைத்தியர்கள் பலர் கருதுகிறார்கள். பாலூட்டத் தொடங்கும்போது கடுமையாக வலித்து, பின்னர் குறைந்து, காம்பு நசுங்கியதுபோல் வெளியே வந்தால், பிள்ளை மார்பைச் சரியாகப் பற்றவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். பிள்ளை வாயை அகலத் திறந்து, காம்பை மட்டுமன்றிக் கருவட்டத்தின் பெரும்பகுதியையும் வாய்க்குள் எடுக்க வேண்டும். கீழுதடு வெளிப்புறமாக மடிந்து, நாடி மார்பில் முட்டியிருக்க வேண்டும். குளிர்பட்டவுடன் காம்பு வெளிறி வலித்தால் அது இரத்தக்குழாய் சுருங்குவதால் இருக்கலாம். இவற்றுக்குப் பூஞ்சண மருந்து பூசிக்கொண்டிருந்தால் பணமும் வீண், தாயின் பொறுமையும் வீண். வலியின்றிச் சில வாரங்கள் பாலூட்டிய பின் இரு மார்பிலும் தொடங்கி, பிள்ளை குடித்து முடிந்த பின்னும் நீடிக்கும் எரிவு, மினுமினுத்துச் செதில்விடும் காம்பு, கூடவே பிள்ளையின் வாயிலும் அக்கரம் என்றால்தான் பூஞ்சணத்தைப் பலமாகச் சந்தேகிக்கலாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரை வீட்டுக்கு வரும்போது பக்கத்தில் இருத்தி, பிள்ளை பால் குடிப்பதை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே பெற்றார்கள். பல செல்வந்த நாடுகள் எட்டாத நிலை இது. வீடுவீடாக நடந்த குடும்பநல உத்தியோகத்தர்களின் கால்களுக்கு அதில் பெரும் பங்குண்டு. அந்தத் தாயும் பிள்ளையும் இந்தக் கணக்கிலிருந்து நழுவிப் போகவிருந்தது வறுமையாலல்ல, அரைப் போத்தல் மருந்தால்.

அருட்சகோதரி தாயையும் பிள்ளையையும் ஒன்றாக அழைத்துக்கொண்டு வைத்தியரிடம் போனார். இருவருக்கும் மருந்து தரப்பட்டது. எரிவு தாங்கமுடியாத முதல் சில நாட்களில், தாய் சில வேளைகளுக்குப் பாலைக் கையால் கறந்து கோப்பையாலும் கரண்டியாலும் ஊட்டினார். போத்தல் வீட்டுக்குள் வரவில்லை. ஒரு வாரத்தில் எரிவு குறைந்தது, மூன்றாம் வாரத்தில் இல்லாமற்போனது. ஐந்தாம் மாதத்தில் பிள்ளையின் கன்னத்தில் சிறிது வெண்மை தெரிந்தது. அன்றைக்கே இருவரும் மருந்தெடுத்தார்கள். அதன் பின் வரவில்லை. மாமியார்தான் இப்போது நப்பித் துணிகளை வெயிலில் போட்டு எடுப்பவர். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்துப் புத்திமதி சொல்பவரும் அவரே.

பால்மாவுக்கான விண்ணப்பத்தை அந்தத் தாய் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிள்ளைக்கு எட்டு மாதமானபோது, கோழிக்கூடு அமைக்க அதே தொகைக்கு வேறொன்று தந்தார். இம்முறை அருட்சகோதரியும் எம்முடன் கையொப்பமிட்டார்.