வேலையற்ற நாட்களில் எருதுகளுக்குத் தீனி

திண்டுக்கல், வேடசந்தூர் முதலிய சமவெளிப் பகுதிகளின் மானாவாரி நிலங்களில், மாசி முதல் வைகாசி வரை ஏர் ஓடுவது அரிது. வைக்கோலும் சோளத்தட்டையும் அருகி விலையேறும் அக்காலத்தில், வேலை செய்யாத எருதுக்குத் தீனி எதற்கு என்று எண்ணிப் பாதியாகக் குறைப்போர் உளர். இது சிக்கனம்போல் தோன்றினும் நஷ்டத்திலேயே முடியும்.

படுத்திருக்கும் மாட்டின் உடலிலும் வேலை நிற்பதில்லை. இருதயத் துடிப்பு, சுவாசம், இரத்த ஓட்டம், உடற்சூட்டைக் காத்தல் ஆகியவை இரவும் பகலும் நடைபெறுகின்றன. இவற்றிற்கு வேண்டிய சக்தி தீனியினின்றே கிடைக்கிறது. தீனி போதாவிடில் உடல் தன் கொழுப்பையும், பின்னர்த் தசையையும் எரித்துக் கொள்ளும். அவ்வாறு மெலிந்த எருது முதல் மழையில் உழவுக்கு உதவாது. நிலத்தின் ஈரமோ அது தேறும்வரை காத்திராது.

இச்சக்திச் செலவைக் கணக்கிட வழியுண்டு. பிராணியின் எடை ஏறுமளவிற்கு அதன் சக்திச் செலவு ஏறுவதில்லை என்பதை, மாக்ஸ் கிளைபர் என்னும் அறிஞர் கலிபோர்னியா விவசாயப் பரிசோதனை நிலையத்தின் வெளியீடொன்றில் 1932-ஆம் ஆண்டு எடுத்துக் காட்டினார். அவ்வழியில் பின்னர் நிலைபெற்ற வாய்பாட்டின்படி, ஓய்வாயிருக்கும் பிராணியின் ஒருநாட் செலவு வருமாறு:

எருது, 300 கிலோ எடை: சுமார் 5,050 கிலோ கலோரி, எடையில் கிலோ ஒன்றுக்கு 17.
ஆடு, 30 கிலோ எடை: சுமார் 900 கிலோ கலோரி, கிலோ ஒன்றுக்கு 30.
கோழி, 2 கிலோ எடை: சுமார் 120 கிலோ கலோரி, கிலோ ஒன்றுக்கு 60.

ஆகவே, எடையில் ஓர் எருதுக்குச் சமமான பத்து ஆடுகள், சக்திச் செலவில் ஏறக்குறைய 1¾ எருதுகளுக்குச் சமமாகும். வறட்சிக் காலத்தில் கிராமத்தின் தீவனத் தேவையை மதிப்பிடும் அலுவலர்கள் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம். எடையை மட்டும் கொண்டு கணக்கிட்டால் ஆடுகளின் பங்கு குறைந்துவிடும்.

மேற்கூறியது அசைவற்ற ஓய்விற்கான அளவேயாகும். நிற்றல், நடத்தல், தீனியைச் செரித்தல் ஆகியவற்றிற்கு மேலும் சக்தி வேண்டும். ஆதலின் குடியானவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்வார்களாக:

1. வேலையற்ற நாட்களிலும் நாட்டு மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 கிலோ உலர்ந்த தட்டை அல்லது வைக்கோலும், பிண்ணாக்கும் தவிடும் தானியமும் கலந்த அடர்தீனி 1 முதல் 1¼ கிலோ வரையிலும் அளித்தல் வேண்டும்.
2. உழவு தொடங்கியபின் வேலைக்கேற்ப அடர்தீனியைக் கூட்டுதல் வேண்டும்.
3. தட்டையை நறுக்கி இட்டால் காலடியில் வீணாவது குறையும்.
4. புல்லற்ற மேய்ச்சலுக்கு வெயிலில் நெடுந்தூரம் ஓட்டுவதால் கிடைப்பதினும் செலவாவதே மிகுதி. நிழலில் கட்டித் தண்ணீர் காட்டுதல் நன்று.

ஓர் ஏர் மாட்டிற்கு 90 நாட்களுக்கு 720 கிலோ தட்டை வேண்டியதாகும். தை, மாசி அறுவடையிலேயே இவ்வளவையும் படப்பில் ஒதுக்கி வைப்போர், மழை கண்டவுடன் ஏர் பூட்ட வல்லவராவர்.