லாரி எழுதும் நாட்குறிப்பு

கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஆரியங்காவைக் கடந்து, கோட்டைவாசலில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து புளியறை வரை சாலை இறங்கிக்கொண்டே வரும். இறக்கத்தில் 'எஸ்' என்னும் ஆங்கில எழுத்தைப் போல நெளியும் ஓரிடம் உண்டு. 'எஸ் வளைவு' என்றே அதற்குப் பெயர். அதன் கீழே செங்கோட்டை – புனலூர் ரயில் பாதை செல்கிறது.

2024 பிப்ரவரி 25ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், கேரளத்திலிருந்து ஒட்டுப்பலகைகளை ஏற்றித் தூத்துக்குடி நோக்கி வந்த லாரி ஒன்று இவ்விடத்தில் கட்டுப்பாட்டை இழந்து தண்டவாளத்தின் மேல் விழுந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். ஓசை கேட்டு எழுந்த முதிய தம்பதியர் டார்ச் விளக்கோடு ரயில் பாதையில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலுக்கு எச்சரிக்கை காட்டி நிறுத்தினர். தமிழக அரசு அவர்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வெகுமதி அளித்தது.

அந்த இரவில் ஓட்டுநருக்கு என்ன நேர்ந்தது என்று ஊகிப்பது நம் வேலையன்று. ஆனால் இத்தகைய இறக்கத்தில் ஒரு பார லாரிக்குள் என்ன நடக்கிறது என்பதை அறியலாம். அதை நொடிதோறும் குறித்து வைக்கும் கருவிகளும் இன்று உள்ளன. அவற்றைப் பற்றியதே இக்கட்டுரை.

சுமையோடு சேர்த்து ஒரு லாரியின் எடை 25 டன் என்று கொள்வோம். அது 100 மீட்டர் உயரம் இறங்கும்போது 2.45 கோடி ஜூல் ஆற்றலை எங்கேனும் இழந்தாக வேண்டும். சுமார் 78 லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைக்க இந்த ஆற்றல் போதும். ஓட்டுநர் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், இந்த வெப்பத்தின் பெரும்பகுதி சக்கரங்களின் பிரேக் உருளைகளில் போய்ச் சேரும். உருளை சூடேறி விரிந்து, உள்ளிருந்து அழுத்தும் பட்டையை விட்டு விலகும். பட்டையின் உராய்வும் குறையும். மிதிக்க மிதிக்க வண்டி நிற்க மறுப்பது இதனால்தான்.

வளைவின் கணக்கு வேறு. 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் வண்டிக்குப் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. வேகம் 40 ஆனால் அது 0.42 பங்காகிவிடும். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. கவிழ்க்கும் விசையோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது! உயரமாகப் பாரம் ஏற்றிய கனரக லாரிகள் பல, 0.35 முதல் 0.4 பங்கிலேயே உள்பக்கச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கத் தொடங்கும். ஆபத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையே மணிக்குப் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை.

தொலைத்தகவலியல்

தொலைத்தொடர்பும் தகவல் அறிவியலும் கலந்த துறைக்கு 1978இல் சிமோன் நோரா, அலென் மேங்க் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் தங்கள் அரசுக்கு அளித்த அறிக்கையில் 'டெலிமேட்டிக்' என்று பெயரிட்டனர். 'டெலிமேட்டிக்ஸ்' என்பது அதிலிருந்து வந்தது. நாம் தொலைத்தகவலியல் என்போம். வண்டியைப் பொறுத்தவரை அது ஓட்டுநர் இருக்கைக்கு முன்னோ அடியிலோ பொருத்தப்படும் சிறு பெட்டிதான்.

பெட்டிக்குச் செய்தி மூன்று வழிகளில் வருகிறது. செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரக் குறிகளை ஒப்பிட்டு, வண்டி இருக்கும் இடத்தையும் வேகத்தையும் அது கணக்கிடுகிறது. வண்டியின் உட்கம்பித் தொடர்பிலிருந்து எஞ்சினின் சுழற்சி, டீசல் செலவு, பிரேக் மிதிப்பு ஆகியவற்றைப் படிக்கிறது. மூன்றாவது, முடுக்கமானி. பஸ்ஸில் கம்பியில் மாட்டிய பை, பிரேக் போட்டால் முன்னோக்கியும் திரும்பினால் பக்கவாட்டிலும் ஆடுவதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பையை ஒரு சிலிக்கான் துகளாகவும் கம்பியைச் சிலிக்கான் மயிரிழையாகவும் சுருக்கினால் முடுக்கமானி கிடைத்துவிடும். துகள் அசையும்போது அருகிலுள்ள தகடுகளோடு அதன் மின்தேக்குத் திறன் மாறுகிறது. மாற்றத்தை அளந்தால் முடுக்கம் தெரியும்.

திரட்டியதைப் பெட்டி கைப்பேசி அலைவரிசை வழியே அலுவலகக் கணிப்பொறிக்கு அனுப்பும். மலைச்சாலையில் அலை கிடைக்காதே என்று கேட்கலாம். சரியான கேள்விதான். அதற்காகவே பெட்டிக்குள் நினைவகம் உண்டு. இந்தியாவில் இவற்றுக்கான தரம் 'ஏ.ஐ.எஸ்.-140' எனப்படுகிறது. அதன்படி குறைந்தது 40,000 பதிவுகளைச் சேமிக்க வேண்டும். அலை கிடைத்ததும் அனுப்பிவிட வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் பதிவு பெறும் புதிய பஸ், டாக்சி போன்ற பொதுப் பயணி வண்டிகளில் இக்கருவியும் அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன.

நியூட்ரலில் கிடைக்கும் லாபம்

டீசலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி, இறக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளி வண்டியை உருளவிடும் பழக்கம் நம் சாலைகளில் பழையது. டீசல் செலவைக் குறைத்தால் ஓட்டுநருக்கு ஏதோ சிறு தொகை கிடைக்கும் என்றால் அப்பழக்கத்துக்கு வலுவும் கூடும். ஆனால் இந்த மிச்சமே பொய். கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். உருளைகளுக்குள் டீசல் பாய்வது அறவே நின்றுவிடும். நியூட்ரலிலோ, எஞ்சின் அணைந்துவிடாதிருக்க டீசல் சொட்டிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, எஞ்சின் தரும் தடுப்பு விசை முழுவதும் பறிபோய், பாரம் அனைத்தும் பிரேக்கின் தலையில் விழும். எந்தக் கியரில் மலை ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வது முழுப் பௌதிகம்.

இதைப் பெட்டி எப்படிக் கண்டுபிடிக்கிறது? குறிப்பிட்ட கியரில் எஞ்சின் சுழற்சிக்கும் சாலை வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறாது. ஒரு கியரில் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 1,500 சுற்றுகள் என்றால், 40 கிலோமீட்டருக்கு 2,000 சுற்றுகள் இருந்தாக வேண்டும். பதிவில் வேகம் 45ஐ நோக்கி ஏற, சுழற்சி மட்டும் 600இல் நின்றால், எஞ்சினும் சக்கரமும் ஒன்றையொன்று கைவிட்டுவிட்டன என்று பொருள்.

இங்கே பாதுகாப்பும் சிக்கனமும் ஒரே பாதையில் செல்கின்றன. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகும். சோதனைச்சாவடி வரிசையில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் லாரி, எஞ்சினின் அளவைப் பொறுத்து மணிக்கு ஒன்று முதல் மூன்று லிட்டர் வரை வீணாக்கும். திடீரென்று போடும் ஒவ்வொரு பிரேக்கும், டீசல் எரித்துச் சேர்த்த வேகத்தை வெப்பமாகக் கொட்டிவிடுவதே.

பதிவை யார் படிப்பது?

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1970இல், லாரிகளின் வேகத்தையும் ஓட்டிய நேரத்தையும் காகித வட்டில் கீறும் 'டாகோகிராப்' கருவிக்கு விதிமுறை வகுத்தது. பிரிட்டனில் தொழிற்சங்கங்கள் அதை 'ஓட்டுநர் அறை ஒற்றன்' என்று எதிர்த்தன. பிரிட்டிஷ் அரசும் தயங்கியது. கடமை தவறியதாக 1979இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே இணங்கியது. அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. முதலாளியின் கையில் மட்டும் இருக்கும் பதிவு, கூலியைக் குறைக்கும் சாட்சியாகவும் ஆகலாம்.

அதே பதிவு மறுபக்கமும் பேசும். 2025 வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணியேனும் ஓய்வு தர வேண்டும் என்றும் கூறியது. விடிவதற்குள் சரக்கு வந்தாக வேண்டும் என்று உத்தரவிட்டவர் யார், ஓட்டுநர் எத்தனை மணி நேரம் விழித்திருந்தார் என்பதைக் காட்ட இதைவிட நல்ல சாட்சி இல்லை. பதிவின் படி ஒன்று ஓட்டுநருக்கும் கிடைக்க வேண்டும் என்பது நம் கருத்து.

ஒரு வண்டியின் பதிவு ஓர் ஓட்டுநரைப் பற்றிச் சொல்லும். நூறு வண்டிகளின் பதிவுகளை ஒரே வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், அவை சாலையைப் பற்றிச் சொல்லும். வெவ்வேறு ஓட்டுநர்கள் ஒரே இடத்தில் திடீர் பிரேக் போடுகிறார்கள் என்றால், குறை அவர்களிடம் இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு. பலகை மறைந்திருக்கலாம், வளைவின் சரிவு போதாமல் இருக்கலாம், இரவில் ஒளிரும் குறிகள் அழிந்திருக்கலாம். கோட்டைவாசலிலிருந்து புளியறை வரையுள்ள சில கிலோமீட்டர்களுக்கு இத்தகைய வரைபடம் ஒன்றைத் தயாரிக்கப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. அந்த வழியே அன்றாடம் ஏறி இறங்கும் வண்டிகள் பலவற்றில் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது.