கூண்டுக் குச்சியைக் கவனியுங்கள்: பறவை வளர்ப்போர் அறிய வேண்டியவை

லவ் பேர்ட்ஸ் வாங்கப் போகிறவர்கள் பறவையின் நிறத்தைப் பார்ப்பார்கள். கூண்டின் விலையைப் பேரம் பேசுவார்கள். கூண்டுக்குள் மாட்டியிருக்கும் குச்சியைப் பார்ப்பவர்கள் குறைவு. கூண்டோடு வந்த இரண்டு பிளாஸ்டிக் குச்சிகளே பல வீடுகளில் கடைசிவரை இருக்கும். ஆனால் பறவை பகல் முழுக்க நிற்கிறது. இரவில் தூங்குவதும் பெரும்பாலும் நின்றபடிதான். அதன் பாதம் ஓயாமல் பட்டுக்கொண்டிருக்கும் பொருள் அந்தக் குச்சிதான்.

ஆபத்து எங்கே?

மரத்தில் வாழும் கிளி இனப் பறவை ஒரு நாளில் பருத்த கிளை, மெல்லிய கொப்பு, சரிந்த கிளை என்று மாறி மாறி உட்காரும். ஒவ்வொரு முறையும் பாதத்தின் வேறு வேறு இடங்களில் எடை இறங்கும். ஒரே பருமனுள்ள வழவழப்பான குச்சியில் அப்படி நடப்பதில்லை. ஒரே இடம் நாள்தோறும் அழுத்தப்பட்டுத் தோல் மெலிகிறது. பிறகு அது வெடித்துப் புண்ணாகி, கிருமி புகுந்து சீழ் வைக்கும். கவனிக்காமல் விட்டால் எலும்புவரை பரவி உயிரையும் பறிக்கலாம்.

பறவையை மெதுவாகக் கையில் எடுத்து உள்ளங்காலைப் பாருங்கள். நல்ல பாதத்தில் சின்னச் சின்னச் செதில்கள் சொரசொரவென்று வரிசையாகத் தெரியும். அந்தச் செதில்கள் மறைந்து, தோல் பளபளவென்று சிவந்திருந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. வீக்கம், கரும்பொருக்கு, அடிக்கடி கால் மாற்றி நிற்பது, கூண்டின் தரையிலேயே உட்கார்ந்திருப்பது ஆகியவை நோய் முற்றுவதன் அடையாளங்கள். தூங்கும்போது ஒரு காலைத் தூக்கிக்கொள்வது மட்டும் இயல்பானது.

எந்தக் குச்சி நல்லது?

இயற்கையான மரக்கிளைதான் முதல் தேர்வு. கொய்யாக் கிளை உறுதியானது. வளைவும் கணுவும் உள்ளது. பட்டையைக் கொத்தினாலும் கெடுதல் இல்லை. வேப்பங்கிளையையும் பயன்படுத்தலாம். அரளி, எருக்கு, ஆமணக்கு, வெண்ணெய்ப்பழ மரம் ஆகியவை நச்சுத்தன்மை உள்ளவை. அவற்றைத் தொடவே வேண்டாம். பூச்சிமருந்து அடித்த தோட்டத்துக் கிளையும் ஆகாது. வெட்டிய கிளையை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே கூண்டில் மாட்டுங்கள்.

விரல்கள் குச்சியை ஏறக்குறைய முக்கால் சுற்று பிடித்திருக்க வேண்டும். முன்விரலும் பின்விரலும் ஒன்றையொன்று தொட்டால் குச்சி மெலிது. விரல்கள் மடங்காமல் விரிந்து நின்றால் பருமன் அதிகம். லவ் பேர்ட்ஸ் என்று நம் ஊரில் விற்கும் பட்ஜிகளுக்கு 1 முதல் 1.5 செ.மீ., காக்கட்டீல் கிளிகளுக்கு 1.5 முதல் 2.5 செ.மீ. விட்டம் பொருந்தும். ஒரே அளவில் வைக்காமல், மூன்று வேறு பருமன்களில் வையுங்கள்.

நகம் தேயும் என்று சொல்லி விற்கப்படும், குச்சிக்கு மாட்டும் உப்புத்தாள் உறையை வாங்காதீர்கள், தேய்வது உள்ளங்கால்தான். கயிற்றுக் குச்சியில் நூல் பிரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அந்த நூல் விரலை இறுக்கும். விழுங்கினால் இரைப்பையை அடைக்கும்.

எங்கே மாட்டுவது?

தீனிக் கிண்ணத்துக்கும் தண்ணீருக்கும் நேர் மேலே குச்சி வேண்டாம். எச்சம் அதில் விழும். வால் கம்பியில் உரசாத தூரம் விடுங்கள். உயரமான இடத்தில் ஒரு குச்சி இருந்தால் பறவை அங்கே அச்சமின்றித் தூங்கும். குச்சிகளை நெருக்கி அடைத்துப் பறக்கும் இடத்தை மறித்துவிடாதீர்கள்.

புண் வந்துவிட்டால்

குச்சியை உடனே மாற்றுங்கள். கூண்டைச் சுத்தமாக வையுங்கள். பொருக்கை வீட்டில் பிய்க்காதீர்கள். எண்ணெய்ப்பசையுள்ள களிம்பையும் தடவாதீர்கள். பறவைகள் நோயை மறைத்துக்கொள்ளும் இயல்புடையவை, அதனால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். தினையை மட்டுமே தின்னும் பறவைக்கு வைட்டமின் ஏ குறைந்து தோல் நலிவதுண்டு. கீரையும் கேரட்டும் சேர்த்துக் கொடுங்கள்.

சட்டம் சொல்வது

ஓர் உயிரினத்தை, ஓரளவேனும் நடமாட இடமில்லாத கூண்டில் அடைப்பது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். 2018ஆம் ஆண்டு விதிகளின்படி செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பறவை வாங்கும் முன் அந்தப் பதிவுச் சான்றைக் கேளுங்கள். கூண்டில் திணித்து விற்பதைக் கண்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

இன்னொன்று: நம் பச்சைக்கிளியும் முனியாக் குருவியும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. எவ்வளவு நல்ல குச்சி வைத்தாலும் அவற்றைக் கூண்டில் வளர்ப்பது குற்றம்தான். உங்களிடம் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். நீங்களாகத் திறந்துவிட்டால் பறக்கப் பழகாத பறவை பிழைக்காது.

கொய்யாக் கிளைக்குக் காசு ஆகப்போவதில்லை. அதை வெட்டிக் காயவைத்து மாட்டும் வேலை மட்டும்தான். பறவையைக் கூண்டில் வைத்தவர்கள் நாம் என்பதால், அது வலியில்லாமல் நிற்க வழிசெய்வதும் நம் கடமை. இந்த வாரமே உங்கள் பறவையின் பாதத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் குச்சியைக் கழற்றிவிடுங்கள்.