பல் டாக்டரிடம் இழுப்பையும் சொல்லுங்கள்

"சுகர், பிரஷர் உண்டா?" என்றால் உடனே பதில் வருகிறது. "வேற ஏதாவது தொந்தரவு?" என்றால், "ஒண்ணும் இல்லீங்க டாக்டர்." அப்படிச் சொன்ன ஒரு அம்மா, நாற்காலியைச் சாய்த்த அரை நிமிடத்தில் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். படுத்தால் மூச்சு வாங்குமாம். இன்ஹேலர் எங்கே என்றேன். வீட்டு பீரோவில் இருக்கிறதாம். "பல்லுக்குத்தானே வர்றோம், அது எதுக்குன்னு வச்சிட்டேன்."

பல்லுக்கும் நுரையீரலுக்கும் வாசல் ஒன்றுதான். நான் தண்ணீர் பீச்சிப் பல்லைக் குடையும் அதே வழியாகத்தான் மூச்சும் போகவேண்டும். பயமும் மருந்து வாடையுமே சிலருக்கு ஆஸ்துமா இழுப்பைக் கிளப்பிவிடும். ஆகவே திணறும்போது அடிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரைக் கையோடு கொண்டுவாருங்கள். காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள். நாட்பட்ட மூச்சடைப்பு உள்ளவர்கள், "என்னை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள்" என்று முதலிலேயே சொல்லுங்கள். உட்கார்ந்த வாக்கிலேயே பல் பிடுங்கலாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பை வரவழைக்கும். பல்வலிக்கு மருந்துக் கடைக்காரர் கிழித்துத் தரும் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

காசநோயைத்தான் அதிகம் மறைக்கிறார்கள். நாங்கள் குடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் அறையெங்கும் பரவும். அடுத்து அதே நாற்காலியில் ஒரு குழந்தை உட்காரலாம். சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில், மருந்து தொடங்கிய தேதியும் கடைசி சளிப் பரிசோதனை முடிவும் போட்டு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் எதுக்கு" என்று திருப்பி அனுப்புவார்கள். எழுதித் தருவது இரண்டு நிமிட வேலை, விடாமல் கேளுங்கள். மாத்திரை ஆரம்பித்துக் குறைந்தது 2 வாரமாவது ஆகி, இனி பரவாது என்று அந்த மருத்துவர் சொல்லும் வரை பல் சுத்தம், கேப் எல்லாம் காத்திருக்கலாம். முகம் வீங்கி, வாய் திறக்க முடியாத நிலை என்றால் காத்திருக்கக் கூடாது. பல் பிரிவு உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அங்கேயும் காசநோயை முதலில் சொல்லுங்கள்.

அடுத்தது எனக்குக் கோபம் வருகிற விஷயம். சிகிச்சையின்போது கேப்போ, சிறு ஊசியோ தொண்டைக்குள் நழுவிவிடுகிறது. "வாழைப்பழம் சாப்பிடுங்க, வெளியே போயிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வயிற்றுக்குப் போயிருந்தால் பெரும்பாலும் போய்விடும். நுரையீரலுக்குப் போயிருந்தால்? வலது மூச்சுக்குழாய் இடதைவிட அகலம், செங்குத்தும்கூட. விழுந்தது பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காரும். முதலில் வந்த இருமல் அடங்கிவிடும். சில நாள் கழித்துச் சளியும் காய்ச்சலும் வரும்; காரணம் தெரியாமல் நிமோனியா என்று வைத்தியம் நடக்கும். இருமல் நின்றாலும் நம்பாதீர்கள். நழுவிய பொருள் கையில் கிடைக்காதவரை, அன்றே நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். அக்ரிலிக் பல் செட்டின் துண்டு எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். அதனால் என்ன பொருள், எதனால் ஆனது, என்ன அளவு, எத்தனை மணிக்கு நழுவியது என்று கிளினிக்கின் சீட்டில் எழுதச் சொல்லி, பல் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் வாங்குங்கள். அதே மாதிரி இன்னொரு கேப் இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். உள்நோக்கிக் குழாய் விட்டு எடுக்கும் மருத்துவருக்கு எதைத் தேடுகிறோம் என்பது தெரியவேண்டும். மூச்சு திணறினால் சீட்டுக்கெல்லாம் நிற்காமல் 108-ஐ அழையுங்கள்.

சீட்டுத் தர மறுத்தால் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியுடன் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். பல் மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் போகவேண்டும். இழப்பீடு வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போகவேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணமே கிடையாது. எக்ஸ்ரே, ரசீது, சீட்டு மூன்றும் இருந்தால் வழக்கு வலுவாக நிற்கும். வாய்ப்பேச்சை மட்டும் வைத்து நிரூபிப்பது கடினம்.

அடுத்த முறை பல்லுக்குக் கிளம்பும்போது ஒரு பையில் இன்ஹேலர், தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, நெஞ்சுச் சளி டாக்டரின் கடைசிச் சீட்டு, இந்த மூன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், இன்ஹேலரை பீரோவில் வைத்துவிட்டு வராதீர்கள்.