கிரேன் வந்தால் வேடிக்கை வேண்டாம்!

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில், முக்கியமாக ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி பக்கம், ஆண்கள் வெளிநாட்டில் இருக்க பெண்களே முன்னின்று வீடு கட்டுவது சகஜம். செங்கல் எண்ணி இறக்குவது முதல் சனிக்கிழமை சம்பளம் கொடுப்பது வரை நாம்தான். முன்பெல்லாம் கனமான சாமான் என்றால் பத்துப் பேர் சேர்ந்து தூக்குவார்கள். இப்போது செப்டிக் டேங்க் உறை, கருங்கல் தூண், இரும்பு உத்திரம் எதுவானாலும் ஒரு போன் போட்டால் 'ஹைட்ரா' கிரேன் வந்து நிற்கிறது. 2018-ல் கஜா புயல் அடித்த பிறகு, சாய்ந்த மரங்களை எடுக்க வந்த கிரேன்களைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பயமே விட்டுப் போச்சு. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்க்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் பல வருஷம் கிரேனுக்கு சிக்னல் காட்டும் வேலை பார்த்தவர். அங்கே 2011-ல் இதற்கென்றே தனி விதி வந்தது. ஓட்டுபவர் ஒருவர், பெல்ட்டும் சங்கிலியும் கட்டுபவர் ஒருவர், கை காட்டுபவர் ஒருவர், மேற்பார்வைக்கு ஒருவர் என்று ஆள் குறித்திருக்க வேண்டும். எதை, எப்படித் தூக்கப் போகிறோம் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நம் தெருவுக்கு வரும் கிரேனில் டிரைவரும் ஒரு பையனும்தான் இருக்காங்க. கட்டுவது, கை காட்டுவது, சாமானைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவது எல்லாம் அந்தப் பையன்தான்.

கிரேன் ஏன் சாய்கிறது என்று அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அரை மைல் நடப்போம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் ஒரு நிமிஷம் தாங்குமா? கிரேனும் அப்படித்தான். அதன் கை நீள நீள, தூக்கும் சக்தி குறைந்துகொண்டே போகும். 'பத்து டன் கிரேன்' என்றால் பக்கத்தில் வைத்துத் தூக்கும்போதுதான் பத்து டன். இரண்டாவது, தரை. புதிதாக மண் கொட்டி நிரப்பிய இடம், மூடிய குழி, மழையில் ஊறிய செம்மண், வானம் தோண்டிய ஓரம் இங்கெல்லாம் சக்கரம் ஒரு பக்கம் இறங்கினால் போதும், கிரேன் கவிழ்ந்துவிடும்.

2023 ஜனவரியில் ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி அருகே கீழ்வீதி கிராமத்துக் கோயில் திருவிழாவில், சாமிக்கு மாலை போட கிரேனில் ஆட்கள் தொங்கியபடி வந்தபோது அது சாய்ந்து விழுந்து 4 பேர் இறந்துபோனார்கள். 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் விளக்குகளைத் தாங்கியிருந்த கிரேன் விழுந்து 3 பேர் பலியானார்கள். 2015 செப்டம்பரில் மெக்காவில் பெரிய மசூதி விரிவாக்க வேலைக்கு நிறுத்தியிருந்த ராட்சத கிரேன் பலத்த காற்றில் சரிந்து, நூற்றுக்கும் மேற்பட்ட யாத்ரீகர்கள் மடிந்தார்கள். இந்த மூன்றிலும் செத்தது கிரேனை ஓட்டியவர்கள் இல்லை. சுற்றி இருந்தவர்கள், நம்மைப் போன்றவர்கள்.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு வீட்டு வேலை நடந்தது. மதியம் சித்தாள் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து சுவர் நிழலில் உட்கார்ந்திருக்க, அவர்கள் தலைக்கு மேலே கான்கிரீட் பலகை ஆடிக்கொண்டே போகிறது. நான் வாசலில் இருந்து ஓடிப்போய் இரண்டு கையையும் ஆட்டி, "நிறுத்துங்க தம்பி!" என்று கத்தினேன். "தினமும் இதைத்தானே அக்கா தூக்குறேன், ஒண்ணும் ஆகாது" என்றார் டிரைவர். "ஆகாதுதான் தம்பி, அவங்க எழுந்து போகட்டும், அப்புறம் தூக்குங்க" என்றேன். "மணிக் கணக்கு வாடகை ஓடுதுங்க" என்று மேஸ்திரி முகத்தைச் சுளித்தார். அந்தப் பெண்கள் எழுந்து போக இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

சகோதரிகளே, கிரேன் வேலையில் கை காட்டுவது ஒருவர் மட்டும்தான். ஆனால் 'நிறுத்து' என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். யார் சொன்னாலும் டிரைவர் நிறுத்தியே ஆகணும். முறையாக வேலை நடக்கும் இடங்களில் இதுதான் வழக்கம். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, முன்னும் பின்னும் வேகமாக ஆட்டினால் 'உடனே நிறுத்து' என்று அர்த்தம். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்க.

உங்கள் வீட்டு வேலைக்குக் கிரேன் கூப்பிட்டால் இவற்றைக் கவனியுங்கள்:

* வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் மூன்றையும் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

* மூடிய குழி, பழைய கிணறு, செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்பது வீட்டுக்காரிக்குத்தான் தெரியும். டிரைவரை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

* கால் ஊன்றும் கிரேன் என்றால், காலுக்கு அடியில் கனமான பலகை வைக்கச் சொல்லுங்கள்.

* தொங்கும் சாமானைக் கையால் பிடித்துக்கொண்டு யாரும் கூடவே நடக்க வேண்டாம். கயிறு கட்டித் தள்ளி நின்று பிடிக்கட்டும்.

* பெல்ட் கிழிந்திருந்தாலோ, கம்பி வடம் பிரிந்திருந்தாலோ, காற்று பலமாக அடித்தாலோ வேலை வேண்டாம்.

* மேலே மின்கம்பி போனால், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே தூக்க வேண்டும். உயர் அழுத்தக் கம்பி என்றால் தொடவே வேண்டாம், நெருங்கினாலே பாயும். கிரேன் கம்பியில் பட்டுவிட்டால் காப்பாற்றுகிறேன் என்று ஓடாதீர்கள். சுற்றியுள்ள தரையிலும் மின்சாரம் இருக்கும். டிரைவர் இருக்கையிலேயே இருக்கட்டும். எல்லோரும் முப்பது அடிக்கு மேல் விலகி நின்று, லைனை நிறுத்த போன் போடுங்கள்.

நம் ஊர்த் திருவிழாக்களில் கிரேனில் தொங்கும் பறவைக் காவடியும் வந்துவிட்டது. நேர்த்திக்கடனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிரேன் சாமான் தூக்கத்தான் செய்யப்பட்டது, ஆள் தூக்க இல்லை. மேடு பள்ளமான தெருவில் மனுஷனைத் தொங்கவிட்டு ஓட்டுகிறார்கள். விழாக் கமிட்டியில் நம் அண்ணன் தம்பிகள்தானே இருக்கிறார்கள்? வேறு விதமாக நேர்த்தியைச் செலுத்தலாமே என்று வீட்டிலேயே பேச்சை எடுங்கள். அது வரை, பிள்ளைகளை அதன் அடியில் போக விடாதீர்கள்.

வாடகை கொடுப்பது நாம். கூடுதலாக அரை மணி ஆனால் ஆகட்டும் என்று சொல்லும் உரிமையும் நம்முடையதுதான். கீழே நிற்கும் சித்தாளும் ஒரு வீட்டுக்குத் திரும்ப வேண்டியவள் இல்லையா?

— ஒரு வாசகி, கீரமங்கலம், புதுக்கோட்டை மாவட்டம்.